கிணறு வெட்டும் கூலி: எரிசக்தி நிறுவனங்கள் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் கொடுப்பது எதற்காக?

ஒரு எண்ணெய் நிறுவனமோ மின் நிறுவனமோ புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வுக்காகப் பல்கலைக்கழகம் ஒன்றோடு ஒப்பந்தம் போட்டது என்று செய்தி வந்தால், இரண்டு விதமான பேச்சுதான் கிளம்பும். "பரவாயில்லையே, நன்கொடை கொடுத்திருக்கிறார்கள்" என்பது ஒன்று. "பல்கலைக்கழகத்தையே விலைக்கு வாங்கிவிட்டார்கள்" என்பது மற்றொன்று. பேசுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. மேடையில் இரண்டு பேர் கைகுலுக்கும் படமும் பக்கத்தில் ஒரு பெரிய தொகையும்தான் செய்தியில் இருக்கின்றன. ஆனால் இரண்டு பேச்சுமே குறி தவறியவை. கையெழுத்தான ஒப்பந்தம் பல பக்கம் நீளும். தொகை அதில் ஒரு வரிதான். மற்றப் பக்கங்களில் என்ன எழுதியிருக்கும், ஏன் எழுதியிருக்கும் என்று பார்ப்போம்.

கிணறும் தண்ணீரும்

கிணறு வெட்ட ஆள் வைக்கிறீர்கள். கூலி அடிக்கணக்கில். இருபதாவது அடியில் பாறை தட்டிவிட்டது, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அதற்காகக் கூலி கொடுக்காமல் இருக்க முடியுமா? "ஊற்று வந்தால்தான் காசு" என்று சொல்லியிருந்தால் யாரும் கடப்பாரையைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

கூட்டு ஆய்வு என்பது இந்தக் கிணறு வெட்டும் வேலைதான். நிறுவனம் முயற்சிக்குப் பணம் கொடுக்கிறது. இந்தக் கேள்வியை, இந்த முறையில், இத்தனை பேரை வைத்து, இத்தனை ஆண்டு ஆராய்வோம் என்பதே பல்கலைக்கழகம் தரும் வாக்கு. விடை கிடைக்கும் என்று அது சொல்வதில்லை. சொன்னால் அது ஆய்வே இல்லை.

செய்திகளில் இதோடு வேறு இரண்டு சேர்ந்து குழம்புகின்றன. ஒன்று நன்கொடை: கட்டடத்துக்கோ பேராசிரியர் பதவிக்கோ கொடுத்துவிட்டு, பெயர்ப் பலகையோடு ஒதுங்கிக்கொள்வது. மற்றொன்று ஆலோசனைப் பணி: "இந்தக் கம்பிவடம் இத்தனை வெப்பம் தாங்குமா, சோதித்துச் சொல்லுங்கள்" என்று கேட்பது. அதில் என்ன செய்ய வேண்டும் என்பது முன்பே தெரியும், தேதிக்குள் அறிக்கை வந்தாக வேண்டும். மூன்றுக்கும் "கூட்டுறவு" என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுவதால் பாதிக் குழப்பம் வருகிறது.

பாறை தட்டிய கிணற்றுக்கும் ஒரு மதிப்பு உண்டு. அடுத்த கிணற்றை அங்கே வெட்டமாட்டோம். பெரிய நிறுவனத்துக்கு இது அற்பமான லாபமல்ல. தவறான தொழில்நுட்பத்தில் ஒரு தொழிற்சாலையே கட்டிவிட்டுத் திண்டாடுவதைவிட, ஐந்து மாணவர்கள் நான்கு ஆண்டில் "இது தேறாது" என்று சொல்லிவிடுவது எவ்வளவோ மலிவு.

இதுவரை பார்த்தது: கூட்டு ஆய்வில் விலை பேசப்படுவது முயற்சி. தோல்வியும் அதில் ஒரு விளைவு.

நகத்தளவிலிருந்து கதவளவுக்கு

நிறுவனமே ஆராய்ச்சிக்கூடம் வைத்துக்கொள்ளலாமே, பல்கலைக்கழகம் எதற்கு? பெரோவ்ஸ்கைட் சூரியக் கலத்தை எடுத்துக்கொண்டால் விடை கிடைக்கும். பெரோவ்ஸ்கைட் என்பது ஒரு குறிப்பிட்ட படிக அமைப்பின் பெயர். அந்த அமைப்புள்ள சில பொருள்கள் ஒளியை மின்சாரமாக மாற்றுகின்றன. 2009இல் யோகோஹாமாவின் டோயின் பல்கலைக்கழகத்தில் சுடோமு மியாசாகாவின் குழு இதைச் சூரியக் கலத்தில் பயன்படுத்தியபோது, விழுந்த ஒளியில் 3.8 சதவீதம்தான் மின்சாரமானது. அந்த எண்ணைப் பார்த்து எந்த நிறுவனம் முதலீடு செய்திருக்கும்? பல்கலைக்கழகங்கள் விடவில்லை. சிலிக்கான் கலத்தின் மேல் பெரோவ்ஸ்கைட் படலத்தை அடுக்கும் இரட்டைக் கலங்கள் இன்று ஆய்வகத்தில் 34 சதவீதத்தையும் தாண்டிவிட்டன. சிலிக்கான் மட்டும் எட்டக்கூடிய கோட்பாட்டு எல்லையே ஏறத்தாழ 29 சதவீதம்தான்.

ஆய்வகத்தில் அந்தப் படலம் எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டி. அதன் சுவரில் பொருத்திய தடித்த ரப்பர் கையுறைகளுக்குள் முழங்கை வரை கைகளை நுழைத்துக்கொண்டு ஒரு மாணவி நிற்கிறார். உள்ளே சிறு சுழல்மேடை, அதன்மேல் ஒரு கண்ணாடிச் சில்லு. ஒரு சொட்டுக் கரைசலை விட்டுப் பொத்தானை அழுத்தினால் சில்லு நிமிடத்துக்குச் சில ஆயிரம் முறை சுழலும். சில நொடிகளில் இன்னொரு திரவத்தைச் சரியான கணத்தில் மேலே விட வேண்டும். ஒரு நொடி பிசகினால் படலம் திட்டுத்திட்டாகிவிடும். பிறகு நூறு டிகிரி சூட்டில் வைத்தால், வெளிறிய படலம் கண்ணெதிரே கருஞ்சாக்லெட் நிறத்துக்கு மாறும். அளவெடுக்கும் பரப்பு பெரும்பாலும் ஒரு நகத்தைவிடச் சிறியது. விட்ட கரைசலில் பெரும்பகுதி சுழற்சியில் தெறித்துப் பெட்டிச் சுவரில் வீணாகியிருக்கும்.

தொழிற்சாலைப் பொறியாளர் இதைப் பார்த்தால் முதலில் கேட்பது செயல்திறனைப் பற்றி அல்ல. "கதவளவு கண்ணாடியை எப்படிச் சுழற்றுவீர்கள்?" என்பார். முடியாது. அங்கே நீண்ட மெல்லிய பிளவு வழியாகக் கரைசலைக் கசியவிட்டுப் பூசும் வேறு இயந்திரம் வேண்டும், அதற்கேற்ற வேறு கரைசல் வேண்டும். இரண்டு சதுர மீட்டரில் ஊசிமுனை அளவு ஓட்டைகள்கூட இருக்கக் கூடாது. அதோடு முடியவில்லை. பேனல் 25 ஆண்டு வெயிலிலும் மழையிலும் கிடக்க வேண்டும். அதற்கு முன்னோட்டமாக 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம் கொண்ட அறையில் 1000 மணி நேரம் அடைத்துவைக்கும் சோதனை உண்டு. ஈரம் பட்டாலே சிதையும் குணமுள்ள பெரோவ்ஸ்கைட்டுக்கு அது சித்திரவதைக் கூடம்.

கைகுலுக்கலின் காரணம் இங்கே தெரிகிறது. புதிய பொருளைத் தேடும் பொறுமையும் இளைஞர் கூட்டமும் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. பெரிதாக்கும் இயந்திரமும், எங்கே உடையும் என்ற அனுபவமும் நிறுவனத்திடம் இருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து 2010இல் பிரிந்து உருவான ஆக்ஸ்ஃபோர்டு பி.வி. நிறுவனத்தில், இப்போது ஈக்வினார் என்று பெயர் மாற்றிக்கொண்ட நார்வே எண்ணெய் நிறுவனம் முதலீடு செய்தது. முதல் வணிகப் பேனல்கள் வெளியே போனது 2024இல். இடையில் 14 ஆண்டுகள்.

இந்தத் தூரத்தை அளக்க ஓர் அளவுகோல் இருக்கிறது: தொழில்நுட்ப முதிர்ச்சி நிலை. நாசா 1970களில் உருவாக்கியது. ஒன்று என்றால் தாளில் இருக்கும் கருத்து, ஒன்பது என்றால் களத்தில் ஓடி நிரூபித்த பொருள். பல்கலைக்கழகங்கள் பொதுவாக மூன்று, நான்கோடு நின்றுவிடும். கட்டுரை வெளியாகிவிட்டது, மாணவருக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. நிறுவனங்களுக்கு ஏழுக்கு மேல்தான் ஆர்வம். நடுவில் கிடக்கும் பகுதிக்குத் துறையில் "மரணப் பள்ளத்தாக்கு" என்று பெயர். நல்ல யோசனைகள் பல அங்கேதான் கிடக்கின்றன. கூட்டு ஆய்வு ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அந்தப் பள்ளத்துக்குக் குறுக்கே போடும் பலகைகள்.

பணத்தைவிட அரிதான ஒன்று

நிறுவனம் தருவதில் மிகவும் மதிப்புள்ளது பணம் அல்ல, தரவு என்பது என் கருத்து. பணத்தை அரசிடம் கேட்டும் வாங்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் காற்றாலைப் பண்ணையின் பல ஆண்டுப் பதிவுகளை வேறு யாரிடம் போய்க் கேட்பது?

டென்மார்க்குக்கு மேற்கே வட கடலில் ஹார்ன்ஸ் ரெவ் என்ற காற்றாலைப் பண்ணை இருக்கிறது. 2002இல் நிறுவியது, 80 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 2 மெகாவாட். 2008 பிப்ரவரியில் ஒரு பனி நாளில் மேலிருந்து எடுத்த படம் ஒன்று உலகம் முழுக்கச் சுற்றியது. முன்வரிசைக் காற்றாலை ஒவ்வொன்றின் பின்னாலும் வெண்பனி நீண்ட வாலாக இழுபட்டு, பின்வரிசைகளை மூடிக்கொண்டு போகிறது. காற்றாலையின் இறக்கை காற்றிலிருந்து ஆற்றலை உறிஞ்சுவதால், அதற்குப் பின்னால் வேகம் குறைந்து கலங்கிய காற்று ஓடும். இதைப் பின்சுழல் என்பார்கள். பேருந்தில் முன்னால் நிற்கும் நெட்டையர் ஜன்னல் காற்று முழுவதையும் வாங்கிக்கொள்வதைப் போல, பின்வரிசைக் காற்றாலைக்கு மிச்சம்தான் கிடைக்கும்.

அந்த மிச்சம் எவ்வளவு என்று கணிக்கும் மாதிரிகளைப் பல்கலைக்கழகங்கள் எழுதுகின்றன. மாதிரி சரியா என்று பார்க்க, ஒவ்வொரு காற்றாலையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எவ்வளவு மின்சாரம் தந்தது, எந்தத் திசையில் நின்றது என்ற பதிவுகள் வேண்டும். அவை நிறுவனத்தின் பூட்டிய பெட்டியில் இருக்கின்றன. கடலுக்குள் நிறுவும் காற்றாலைகளில் உலகின் முன்னணி நிறுவனமான ஓர்ஸ்டெட், 2019 அக்டோபரில் தன் பண்ணைகளின் மின் உற்பத்தி மதிப்பீட்டைக் குறைத்து அறிவித்தது. பின்சுழலையும், பண்ணையே ஒட்டுமொத்தமாகக் காற்றைத் தடுத்து மெதுவாக்குவதையும் முன்பு குறைவாக மதிப்பிட்டுவிட்டோம் என்பதே காரணம். கணக்கில் சிறு பிழை, ஆண்டுக்கணக்கில் வருமானம் போகிறது. பூட்டிய பெட்டியை ஆய்வாளருக்குத் திறந்துவிடுவதில் நிறுவனத்துக்கும் லாபம் உண்டு என்பதற்கு இதைவிடப் பச்சையான சான்று வேண்டாம்.

சுருக்கமாக: ஒரு தரப்பிடம் கேள்வியும் ஆள்பலமும், மறுதரப்பிடம் இயந்திரமும் தரவும். பணம் இரண்டையும் ஒட்டும் பசை.

துணி உங்களுடையது, வெட்டுமாதிரி யாருடையது?

ஒப்பந்தத்தில் அதிகச் சண்டை நடக்கும் இடம் இதுதான். தையற்காரரிடம் துணி கொடுக்கிறீர்கள். சட்டை உங்களுடையது. அவர் முப்பது ஆண்டாக வைத்திருக்கும் காகித வெட்டுமாதிரி அவருடையது. உங்கள் சட்டைக்குப் பயன்படுத்தினார் என்பதற்காக அதை எடுத்துக்கொண்டு போக முடியாது. சரி, உங்கள் சட்டையைத் தைக்கும்போது அவர் புதிதாக ஒரு கழுத்துப்பட்டி வடிவத்தைக் கண்டுபிடித்தால்? அது யாருக்கு?

ஆய்விலும் இதே கேள்விகள்தான். இரு தரப்பும் உள்ளே வரும்போதே கொண்டுவந்த கண்டுபிடிப்புகளும் மென்பொருள்களும் பின்னணி அறிவு. அவை கொண்டுவந்தவருக்கே உரியவை. திட்டத்தின்போது புதிதாகப் பிறப்பது விளைந்த அறிவு. அதைப் பங்கிடத்தான் வழக்கறிஞர்கள் மாதக்கணக்கில் உட்கார்கிறார்கள். பரவலாக இருக்கும் ஏற்பாடு இது: காப்புரிமை, அதாவது கண்டுபிடிப்பைக் குறிப்பிட்ட காலம் பிறர் பயன்படுத்தாமல் தடுக்கும் சட்ட உரிமை, பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கும். பணம் கொடுத்த நிறுவனத்துக்கு அதைப் பயன்படுத்தும் அனுமதியை, அதாவது உரிமத்தை, மற்றவர்களுக்கு முன்பாகப் பேசிப் பெறும் வாய்ப்பு இருக்கும். சில மாதங்களுக்குள் வேண்டும், வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். நிறுவனம் உண்மையில் வாங்குவது வரிசையில் முதல் இடத்தை.

இதோடு பின்னிக்கிடப்பது வெளியீட்டுத் தாமதம். பல நாடுகளின் சட்டத்தில், ஒரு கண்டுபிடிப்பைக் கட்டுரையாக வெளியிட்டுவிட்டால் பிறகு காப்புரிமை கேட்க முடியாது. அது புதிது என்ற தகுதியை இழந்துவிடும். ஆகவே கட்டுரையை வெளியே அனுப்பும் முன் நிறுவனம் படித்துப் பார்க்க முப்பது, அறுபது, தொண்ணூறு நாள் என்று அவகாசம் எழுதுவார்கள். "ஆய்வை மறைக்கிறார்கள்" என்று இதைச் சொல்வது மிகை. ஆனால் தாமதிக்கும் உரிமை வேறு, தடுக்கும் உரிமை வேறு. பின்னது எழுதியிருந்தால் கையெழுத்துப் போட்ட பல்கலைக்கழகத்தைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

இந்தப் பக்கங்களைச் சரியாக எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு லித்தியம் அயனி பேட்டரியின் வரலாறே போதும். 1970களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் எக்ஸான் என்ற எண்ணெய் நிறுவனத்துக்குள் அமர்ந்து லித்தியம் பேட்டரிக்கு அடித்தளம் போட்டார். 1980களின் தொடக்கத்தில் நிறுவனத்தின் ஆர்வம் வற்றியது, கைவிட்டது. 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழு லித்தியம் கோபால்ட் ஆக்சைடு என்ற மின்முனைப் பொருளைக் கண்டுபிடித்தது. பல்கலைக்கழகம் அதற்குக் காப்புரிமை எடுக்க முன்வரவில்லை. ஹார்வெல்லில் இருந்த அரசு அணுசக்தி ஆய்வகம் செலவை ஏற்று, உரிமையையும் எடுத்துக்கொண்டது. 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த பேட்டரியில் இருந்தது அந்தப் பொருள்தான். அகிரா யோஷினோவோடு சேர்த்து இவர்களுக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் காப்புரிமையிலிருந்து குட்இனஃப்புக்கு ஒரு காசு வரவில்லை.

பின்னாளில் அவர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே இரும்பு பாஸ்பேட் பேட்டரிப் பொருள் விஷயத்தில், ஆய்வகத்துக்கு விருந்தினராக வந்த ஆய்வாளர் வழியாகத் தகவல் வெளியே போனது என்று ஜப்பானின் என்.டி.டி. நிறுவனத்தின் மேல் பல்கலைக்கழகம் வழக்குத் தொடுத்தது. 2008இல் 30 மில்லியன் டாலரில் சமரசமானது. "விருந்தினர் ஆய்வாளர்கள்" என்ற தலைப்பில் இன்றைய ஒப்பந்தங்களில் ஒரு பக்கம் நிறைய எழுதுகிறார்கள் என்றால், இப்படிச் சூடுபட்ட பூனைகள் பல உண்டு.

பெரிய தொகைக்குள் என்ன இருக்கிறது?

2007இல் பி.பி. எண்ணெய் நிறுவனம் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம், இல்லினாய் பல்கலைக்கழகம், லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் ஆகியவற்றோடு, புல்லிலிருந்தும் பயிர்க் கழிவிலிருந்தும் எரிபொருள் எடுக்கும் ஆய்வுக்கு ஒப்பந்தம் அறிவித்தது. பத்து ஆண்டுகளுக்கு 500 மில்லியன் டாலர். ஆதரவும் எதிர்ப்பும் கொதித்தன. ஆனால் ஆண்டுக்கு 50 மில்லியன் என்ற கணக்கில், 35 மில்லியன்தான் வெளியிடக்கூடிய திறந்த ஆய்வுக்கு. மீதி 15 மில்லியன், அதே வளாகத்தில் பி.பி. தன் ஆட்களை வைத்து நடத்தும் சொந்த ஆய்வுக்கு. தலைப்புச் செய்தியில் இந்தப் பிரிவினை தெரியாது.

பத்து ஆண்டும் ஓடவில்லை. 2014இல் எண்ணெய் விலை சரிந்தது. பி.பி. அந்த வகை உயிரி எரிபொருள் தொழிலிலிருந்தே விலகி, நிதியையும் குறைத்தது. நிறுவனத்தின் கடிகாரம் காலாண்டுக்கு ஒருமுறை அடிக்கிறது. முனைவர் பட்ட மாணவரின் கடிகாரம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை. இடையில் ஒரு பக்கம் எழுந்து போய்விட்டால், நடுக்கிணற்றில் நிற்பவர் மாணவர்தான். நல்ல ஒப்பந்தங்களில், சேர்ந்துவிட்ட மாணவரின் காலம் முடியும்வரை உதவித்தொகை நிற்காது என்று ஒரு வரி இருக்கும்.

இந்த ஆபத்தைப் பரவலாக்க ஒரு வழி கூட்டமைப்பு: பல நிறுவனங்கள் ஒரே பானையில் பணம் போடுவது. 2002இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எக்ஸான்மொபில், ஜெனரல் எலக்ட்ரிக், ஷ்லம்பர்ஷே உள்ளிட்ட நிறுவனங்கள் 225 மில்லியன் டாலர் வாக்களித்துத் தொடங்கிய திட்டம் இந்த வகை. ஒருவர் விலகினாலும் அடுப்பு அணையாது. எல்லோரும் பார்க்கும் பானை என்பதால், நாளைக்கே விற்கக்கூடிய ரகசியத்தை யாரும் அதில் போடமாட்டார்கள். அடிப்படை ஆய்வுதான் உள்ளே வரும்.

சந்தேகப்படுவது சரியா?

சரிதான், ஆனால் சரியான இடத்தில். பணம் கொடுத்தவர் முடிவைத் திருத்தி எழுதச் சொன்னார் என்ற கதை எல்லோருக்கும் பிடிக்கும். சாய்வு பெரும்பாலும் அதற்கு முன்பே, எந்தக் கேள்வியைக் கேட்பது என்ற இடத்தில் நுழைந்துவிடுகிறது. எண்ணெய் நிறுவனம் திரவ எரிபொருளைப் பற்றிக் கேட்கும், எண்ணெயே வேண்டாத போக்குவரத்தைப் பற்றிக் கேட்காது. ஆய்வு நேர்மையாகவே நடக்கும். எந்த வயலில் கிணறு வெட்டுவது என்பதை முதலிலேயே வேறு ஒருவர் முடிவு செய்துவிட்டார்.

2022இல் 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' ஆய்விதழில் வந்த கட்டுரை ஒன்று, பல்கலைக்கழக எரிசக்தி மையங்களின் அறிக்கைகளில் சொற்களின் தொனியை அளந்து பார்த்தது. இயற்கை எரிவாயுத் துறையிடம் நிதி பெற்ற மையங்களின் அறிக்கைகள் எரிவாயுவிடம் கூடுதல் இதமாக இருந்தன. அதே ஆண்டு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் எக்ஸான்மொபில் உட்படப் பல புதைபடிவ எரிபொருள் நிறுவனங்களோடு உறவை முறித்துக்கொண்டது. அந்தப் பல்கலைக்கழகமே 2000ஆம் ஆண்டிலிருந்து பி.பி. நிதியில் பேர்பெற்ற காலநிலை ஆய்வுகளைச் செய்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். எல்லாப் பணமும் நஞ்சு என்பதும், எந்தப் பணமும் நஞ்சில்லை என்பதும் படிக்காமல் சொல்வது.

கடந்து போவது யார்?

காப்புரிமையையும் கட்டுரையையும் பற்றி இவ்வளவு பேசிவிட்டோம். தொழில்நுட்பம் அதிகமாகக் கடந்து போவது மனிதர்கள் வழியாகத்தான். பிரான்ஸ் இதை 1981லேயே ஏற்பாடாக்கியது: சிஃப்ர் என்ற திட்டத்தில் முனைவர் பட்ட மாணவரை நிறுவனம் வேலைக்கு வைத்துக்கொள்ளும், அதற்கு அரசு மானியம் தரும், ஆய்வுக்குப் பல்கலைக்கழகம் வழிகாட்டும்.

ஏற்பாடு இல்லாமலும் நடக்கிறது. சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீனின் குழு, சூரியக் கலத்தின் பின்பக்கத்தில் ஒரு மெல்லிய காப்புப் படலத்தைப் பூசி, அதில் சிறு துளைகள் வழியாக மட்டும் உலோகம் தொடும்படி செய்தது. பெர்க் என்று அழைக்கப்படும் அந்த வடிவம் 1989இல் 22.8 சதவீதம் தந்தது. தொழிற்சாலைகள் திரும்பிப் பார்க்க இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. 2020 வாக்கில் உலகில் தயாரான சோலார் பேனல்களில் பெரும்பான்மை அந்த வடிவம்தான்.

கிரீனிடம் முனைவர் பட்டம் பெற்ற ஷி ஜெங்ரோங் 2001இல் சீனாவில் சன்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாகப் போனவர் அதே சிட்னி ஆய்வகத்தின் பேராசிரியர் ஸ்டூவர்ட் வென்ஹாம். 1989 கட்டுரையில் பெயர் இருந்த இருவர் சைனா சன்னர்ஜி என்ற இன்னொரு சூரியக் கல நிறுவனத்துக்குப் போனார்கள். சன்டெக்கின் முக்கியப் பிரிவு 2013இல் கடனில் மூழ்கித் திவாலானது. பெர்க் கலத்தின் பின்பக்கப் படலம் மற்றத் தொழிற்சாலைகளின் வரிசைகளில் ஏறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.